மழையைத் தேடி வரும் விருந்தாளிகள்

திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் குளிர்காலம்தோறும் கூழைக்கடாக்களும் பூநாரைகளும் வந்து இறங்குகின்றன. அவை வருவதும் வராமல் போவதும் தண்ணீரின் கையில் இருக்கிறது. தண்ணீரோ மனிதர்களின் கையில்.

ஜனவரி மாதத்து அதிகாலை. திருப்பதி பஸ் நிலையத்தில், குளிருக்குத் துண்டால் காதை மூடிக்கொண்ட கூட்டம் மலைக்குப் போகும் பஸ்களை நோக்கி ஓடுகிறது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வந்தவர்கள், லட்டுப் பைகளை மார்போடு அணைத்தபடி சித்தூர், வேலூர், சென்னை பஸ்களில் இடம் பிடிக்கிறார்கள். இந்தப் பரபரப்புக்கு நடுவே நாயுடுபேட்டை பஸ் மட்டும் அவசரமில்லாமல் நிற்கிறது. அதில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். எப்போதாவது ஒருவர் கழுத்தில் பைனாகுலரோடு ஏறினால், கண்டக்டருக்கு அவர் போகுமிடம் சொல்லாமலே தெரிந்துவிடும்.

திருப்பதி என்றதும் மலையைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்து அடுக்கியபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் ஆயின. ஏழு மலைகளின் ஊருக்கு அப்படித்தான் ஒரு கடற்கரை கிடைத்தது. அதோடு ராக்கெட்டுகள் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி, நேலப்பட்டு என்ற சின்னஞ்சிறிய பறவைச் சரணாலயம் எல்லாம் சேர்ந்து வந்தன.

திருமலைக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை. இத்தனைக்கும் பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தான். காலையில் கிளம்பினால், புவியீர்ப்பைத் தோற்கடிக்க மனிதன் கட்டிய தளத்தின் வாசலில், அந்தக் கலையை எப்போதோ கற்றுவிட்ட ஆயிரக்கணக்கான பறவைகளைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம்.

ஆற்றோடு ஒரு பயணம்

பஸ் கிழக்கே போகப் போக, வழித்துணையாக ஓர் ஆறு வருகிறது. ஆந்திரர்களுக்கு அது சுவர்ணமுகி. தமிழர்களுக்குப் பொன்முகலி. சித்தூர்ப் பக்கத்து மலைகளில் பிறந்து, சந்திரகிரியையும் திருச்சானூரையும் ஒட்டி இறங்கி, காளஹஸ்திக் கோயிலின் மதிலோரமாக நடந்து, வங்கக் கடலை நோக்கிப் போகும் ஆறு. அதன் நீரில் ஒரு பங்கு பழவேற்காடு ஏரியின் வட முனைக்குப் போய்ச் சேர்கிறது. ஏரியின் நடுப்பகுதிக்குக் காளங்கி ஆறும், தமிழ்நாட்டுப் பக்கத்துத் தென்முனைக்கு ஆரணி ஆறும் நல்ல தண்ணீர் கொண்டு வருகின்றன. உப்புத் தண்ணீரை முகத்துவாரங்கள் வழியே கடல் தருகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் ஏரியின் உயிர் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்கிற அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஏரி நிரம்பும், உப்பு குறையும். மழை நின்றதும் தண்ணீர் மெல்ல வற்ற ஆரம்பிக்கும், உப்பு ஏறும். கோடையில் வட பகுதியின் பெரும் பரப்பு வெடித்த சேற்று மைதானமாகிவிடும். நிரம்பியதற்கும் வற்றுவதற்கும் இடைப்பட்ட சில மாதங்கள்தான் பறவைகளின் பருவம்.

ஆகவே சித்தூர் மலையில் பெய்யும் மழைக்கும் கடலோரத்தில் இறங்கும் பூநாரைக்கும் சம்பந்தம் உண்டு. அந்தச் சம்பந்தம் இப்போது முன்போல் நேரடியானது அல்ல. பொன்முகலியின் துணையாறான கல்யாணியில் 1977இல் அணை கட்டப்பட்டு, அந்தத் தண்ணீர் திருப்பதிக்கும் திருமலைக்கும் குடிநீராகப் போகிறது. பெருகிவிட்ட நகரத்தின் தாகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆண்டின் பல மாதங்கள் காளஹஸ்திப் பாலத்தில் நின்று பார்த்தால் கண்ணில் படுவது மணல்தான். எப்போதாவது வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும்போது, 2021 நவம்பரில் நடந்ததைப் போல, அதே ஆறு கரை மீறி ஊர்களை மிரட்டும். ஒன்றுமில்லை அல்லது வெள்ளம் என்பதாகிவிட்ட ஆற்றை நம்பி ஓர் ஏரி இருக்கிறது.

காளஹஸ்தியில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் சிவனைப் பூஜித்த கதையைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் தலம் இது. 'ஸ்ரீ' சிலந்தி, 'காள' பாம்பு, 'ஹஸ்தி' யானை. பூச்சிக்கும் பாம்புக்கும் பெயரில் இடம் கொடுத்த ஊரைத் தாண்டித்தான் பறவைகளின் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.

கடம்ப மரத்தில் குடித்தனம்

நாயுடுபேட்டையில் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினால், சூளூர்பேட்டைக்கு முன்னால் தொரவாரிசத்திரம் வரும். அங்கிருந்து கிழக்கே கிளைச் சாலையில் போனால் நேலப்பட்டு. நெல் வயல், வைக்கோல் போர், எருமைகள், வீட்டு வாசலில் கோலம். பிரமாதமான இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. முதலில் வருவது மூக்கை நெருடும் மீன் கவிச்சி. பிறகு சத்தம்: நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே நேரத்தில் பசி என்று கத்துகிற சத்தம்.

ஏரிக் கரையில் ஏறியதும் காட்சி விரிகிறது. தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். மாதக்கணக்கில் வேர் நீரில் கிடந்தாலும் அழுகாத மரம் இது. வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டுவதும் இதே மரத்தில்தான். சுற்றிலும் தண்ணீர் அகழி போல நிற்பதால் பூனை, நரி, சிறுவர்கள் எவரும் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. கோட்டை கட்டிய ராஜாக்களுக்குத் தோன்றிய யோசனை பறவைகளுக்கு முன்னமே தோன்றியிருக்கிறது.

ஒவ்வொரு மரமும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. உச்சியில் புள்ளிமூக்குக் கூழைக்கடா. அதே தோப்பில் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா. கூழைக்கடாவைத் தெலுங்கில் கூடபாத்து என்கிறார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் இறக்கை விரிக்கும் இந்தக் கனத்த பறவை, மெல்லிய கிளையில் வந்து இறங்குவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. கால்களை முன்னே நீட்டி, இறக்கையைக் குடை போல் விரித்து, கிளை வளைந்து அடங்கும் வரை தள்ளாடிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்து கொள்கிறது.

மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியதும் ஜோடிகள் வந்து சேர்கின்றன. ஆண் குச்சி கொண்டு வரும், பெண் அடுக்கும். பெரும்பாலும் மூன்று முட்டைகள். சுமார் ஒரு மாத அடைகாப்பு. பிறந்த குஞ்சு ரோமமில்லாமல், பார்க்கச் சகிக்காமல் இருக்கும். சில நாட்களில் வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொள்ளும். தாயோ தகப்பனோ திரும்பி வந்தவுடன், குஞ்சு தன் தலையைப் பெற்றோரின் அலகுப் பைக்குள் தோள் வரை நுழைத்துச் சாப்பிடும். முதல்முறை பார்க்கும் குழந்தைகள், பெரிய பறவை சின்னப் பறவையை விழுங்குகிறது என்று பயந்துவிடுவதுண்டு.

குஞ்சுகள் பறந்து போகச் சில மாதங்கள் ஆகும். அவ்வளவு நாட்களும் ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் மீன் கிடைக்க வேண்டும். நேலப்பட்டு ஏரி அவ்வளவு பேருக்கு மீன் தர முடியாது. எனவே பெற்றோர்கள் பழவேற்காடு ஏரிக்கும் மற்ற ஊர்களின் ஏரி குளங்களுக்கும் பறந்து போய் வாங்கி வருகின்றன. நேலப்பட்டு வீடு, பழவேற்காடு சந்தை. ஒன்றில்லாமல் மற்றது நடக்காது.

சரணாலயத்தின் மொத்தப் பரப்பு 459 ஹெக்டேர்தான். ஆனால் அதன் முக்கியத்துவம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

புள்ளிமூக்குக் கூழைக்கடாவின் விஞ்ஞானப் பெயரில் பிலிப்பைன்ஸ் இருக்கிறது. இன்று அந்த நாட்டில் இந்தப் பறவை இல்லை. பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பகுதியில் 1877இல் யூஜின் ஓட்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ட கூட்டத்தை லட்சக்கணக்கில் மதிப்பிட்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்தக் குடியிருப்பே மறைந்துவிட்டது. ஆந்திரத்தில் மேற்கு கோதாவரி மாவட்டத்து ஆரேடு என்ற ஊரில், பனை மரங்களிலும் தென்னை மரங்களிலும் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருப்பதைப் பறவையியலாளர் கே.கே. நீலகண்டன் 1946இல் போய்ப் பார்த்து விவரமாக எழுதினார். 1970களின் நடுப்பகுதிக்குள் அதுவும் காலி. அந்த நிலையில்தான் 1976இல் நேலப்பட்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வீடு வீடாகக் காலி செய்துகொண்டு வந்த ஒரு பறவைக்கு, மிச்சமிருந்த முகவரிகளில் இது ஒன்று.

அரசு அறிவிப்பதற்கு முன்பே ஊர் காத்தது என்பதுதான் இங்கே விசேஷம். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளம். அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு உரச் செலவு குறைவு. விவசாயிக்கு இந்தக் கணக்கு எந்த ஆராய்ச்சியாளரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேடந்தாங்கல்காரர்கள் இதே கணக்கைப் புரிந்துகொண்டுதான், பறவைகளைச் சுட வந்தவர்களுக்கு எதிராக முறையிட்டு, செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் காகிதம் வாங்கி வைத்தார்கள். நேலப்பட்டுக்காரர்களின் உரிமை காகிதத்தில் இல்லை. பழக்கத்தில் இருந்தது.

பக்கத்திலுள்ள வெதுருப்பட்டில் இந்தப் பழக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே ஊருக்குள்ளேயே நிற்கும் புளிய மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. கீழே வீடு, மேலே நாரை. வாசல் வெள்ளையாவதையும் கூட்டிலிருந்து தவறி விழும் மீன் நாறுவதையும் ஒருவர் ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளலாம். தலைமுறை தலைமுறையாகப் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கு லாபக் கணக்கு மட்டும் போதாது.

உப்பளவு தெரிந்த பறவை

நேலப்பட்டிலிருந்து தெற்கே சூளூர்பேட்டை. காளங்கிக் கரையில் செங்காளம்மா கோயில் இருக்கிறது. கதவே சாத்தாத கோயில் என்று பெயர். 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முன்தினம் அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் வந்து கும்பிட்டுப் போனது இங்கேதான். அம்மனிடம் சொல்லிவிட்டு சந்திரனுக்குப் போகிறவர்கள் எடுக்கும் அதே சாலைதான் பூநாரைகளைப் பார்க்கப் போகும் சாலையும்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் நிலம் தீர்ந்து விடுகிறது. ஏரியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தீவை நோக்கி நீளும் கரைச் சாலை. வலப்புறம் தண்ணீர், இடப்புறம் தண்ணீர், எதிரே கானல். சாலையோரத்தில் அட்டகானிதிப்பா என்ற இடத்தில் வனத்துறையின் சுற்றுச்சூழல் கல்வி மையம் இருக்கிறது. அங்கே இறங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், தூரத்தில் தண்ணீரின் விளிம்பில் யாரோ வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு இழுத்தது போலத் தெரியும். பைனாகுலரை வைத்ததும் கோடு உடைந்து கால்களும் கழுத்துகளுமாகிறது.

பூநாரை சாப்பிடும் விதமே தனி. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாகவும் கீழலகு மேலாகவும் வரும்படி தண்ணீருக்குள் விட்டு, நாக்கைப் பம்பு போல் இயக்கிச் சேற்று நீரை உறிஞ்சித் தள்ளும். அலகின் ஓரத்துச் சல்லடை, பாசியையும் பூச்சிகளையும் சிற்றிறால் வகைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கும்மியடிப்பது போல இருக்கும். உடலின் இளஞ்சிவப்பு, அது தின்னும் உணவிலுள்ள நிறமிகள் தருவது. குஞ்சுகள் சாம்பல் நிறம்தான். நிறம் பிடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அந்த நிறமி இல்லாத தீனி போட்டு அடைத்து வைத்தால் வளர்ந்த பறவையும் வெளுத்துப் போகும்.

திடீரென்று ஒரு கூட்டம் எழும்புகிறது. மடக்கி வைத்திருந்த இறக்கை விரிந்ததும், அதுவரை மறைந்திருந்த சிவப்பும் கறுப்பும் பற்றிக்கொள்கின்றன. கழுத்தை முன்னேயும் காலைப் பின்னேயும் நேர்க்கோடாக நீட்டி, வாத்தைப் போலக் குரல் கொடுத்தபடி கரைச் சாலைக்கு மேலாகக் கடந்து மறுபக்கம் இறங்குகின்றன. இஸ்ரோ பஸ்ஸில் தினமும் போய் வருகிற ஊழியர்கள்கூட அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பத் தவறுவதில்லை.

இந்தியாவில் இவை பெருமளவில் முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். 1945இல் அங்கே போன சாலிம் அலி, ஐந்து லட்சம் பறவைகள் இருக்கும் என்று மதிப்பிட்டார். பழவேற்காட்டுக்கு அவை வருவது சாப்பாட்டுக்காக. அதற்கும் நிபந்தனை உண்டு. தண்ணீர் அவற்றின் கால் உயரத்துக்குள் இருக்க வேண்டும். டிசம்பரில் ஏரி தளும்பினால் ஆழமில்லாத ஓரங்களைத் தேடி ஒதுங்கும். வற்றிப் போனாலோ கிளம்பிவிடும். உப்பு, ஆழம், சேறு மூன்றும் சரியாகக் கூடிவரும் வாரங்களில்தான் ஆயிரக்கணக்கில் கூடும். மழை பொய்த்த ஆண்டில் அந்த வாரங்களும் பொய்த்துவிடும்.

பூநாரைகள் மட்டுமல்ல. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வலசை வரும் ஊசிவால் வாத்துகள், தட்டைவாயன்கள், எண்ணிக்கையில் அடங்காத உள்ளான்கள், ஆலாக்கள் எல்லாம் இங்கே குளிர்காலம் கழிக்கின்றன. ஆந்திரப் பக்கத்து ஏரி 1976இல் சரணாலயமானது. அதன் பரப்பு சுமார் 500 சதுர கி.மீ. தமிழ்நாட்டுப் பக்கம் 1980இல் 153 சதுர கி.மீ. சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மாநில எல்லை ஏரியின் மேல் போகிறது. பறவைகளுக்கு அது தெரியாது. மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கரையும் கதவும்

ஸ்ரீஹரிகோட்டா 1969இல் ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971இல் முதல் சிறிய ராக்கெட் கிளம்பியது. 2025 ஜனவரி 29 அதிகாலையில் நூறாவது ஏவுதல். தேசம் பெருமைப்பட்ட அந்தக் காலை, பூநாரைகளின் பருவத்திலும் ஒரு காலை. இந்தத் தளம் ஏரிக்கு இரண்டு விதமாகவும் நடந்துகொண்டிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் தீவின் காடு ரியல் எஸ்டேட் ஆகாமல் தப்பியது. அதே சமயம், தீவுக் குடிகளான யானாதி பழங்குடியினர் பலர் அங்கிருந்து வெளியேற வேண்டியிருந்தது. தளத்துக்குப் போட்ட கரைச் சாலை ஏரியை இரண்டாக வகுத்தது. தண்ணீர் போய்வர வழிகள் விடப்பட்டிருந்தாலும் பழைய தாராளம் இல்லை என்றும், சாலைக்கு வடக்கே ஏரி சீக்கிரம் மேடிட்டு வற்றுகிறது என்றும் ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சொல்லி வருகிறார்கள். எந்தச் சாலையிலிருந்து பூநாரையைப் பார்க்கிறோமோ அந்தச் சாலையே அதன் ஏரியைச் சுருக்குகிறது. பார்க்க வருகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

மற்றொரு கவலை முகத்துவாரம். கடல் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டும். ஆற்று வெள்ளம் அதை வெளியே தள்ளும். ஆற்றில் வெள்ளம் குறைந்தால் மணல் ஜெயிக்கும். முகம் மூடிக்கொண்டால் இறாலும் மடவையும் நண்டும் கடலிலிருந்து உள்ளே வர வழியில்லை. மீன் இல்லாத ஏரியில் மீனவனுக்கும் வேலையில்லை, கூழைக்கடாவுக்கும் வேலையில்லை.

மீனவர்கள் இந்த ஏரியைக் கண்மூடித்தனமாக வாரியவர்கள் அல்ல. பழவேற்காட்டுப் பக்கத்தில் 'பாடு' என்ற பழைய முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் சுத்துவலை போடுவது என்று ஊரே கூடி முறை வைத்துக்கொள்வது. எல்லோருக்கும் பங்கு, ஏரிக்கும் ஓய்வு. ஆனால் ஏரி சுருங்கச் சுருங்கப் பங்கும் சுருங்குகிறது. எல்லை தாண்டி வலை போட்டதாக இரு மாநில மீனவர்களுக்கும் நடுவே சச்சரவுகள் வருகின்றன. இரகம் போன்ற தீவுக் கிராமத்தில் பிரசவ வலி என்றால் முதலில் படகு தேட வேண்டும். ஏரி முழுவதும் சரணாலயம் என்பதால், அங்கே பாலமோ சாலையோ போட மத்திய அளவில் வனவிலங்கு அனுமதி தேவைப்படும். சரணாலயம் என்ற சொல் சுற்றுலாப் பயணிக்குக் கேட்பது போலத் தீவுக்காரருக்குக் கேட்பதில்லை. பறவைகளைக் காக்கும் சட்டத்தின் சுமையில் ஒரு பங்கை இவர்கள்தான் சுமக்கிறார்கள்.

1990களில் வந்தது வேறு மாதிரியான ஆபத்து. நெல்லூர்க் கடலோரம் முழுவதும் இறால் பண்ணைகள் பெருகின. வயல்கள் உப்புக் குட்டைகள் ஆயின. கழிவு ஏரிக்கும் கால்வாய்க்கும் போனது. தமிழ்நாட்டின் சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. சில்கா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் பண்ணைகள் கூடாது என்று தனியாகவும் சொன்னது. அந்த வரியிலேயே நேலப்பட்டும், அதோடு 'யதுரபட்டு' என்ற பெயரில் வெதுருப்பட்டும் இடம்பெற்றன. புளிய மரத்து நாரைகளின் ஊர், நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறிவிட்டது. 2005இல் கடலோர நீருயிர் வளர்ப்புக்குத் தனிச் சட்டம் வந்த பின் தொழில் வேறு விதிகளின் கீழ் நடக்கிறது. என்றாலும் ஒரு கிராமத்துப் புளிய மரத்தை நீதிபதிகள் நினைவில் வைத்த நாள் சாதாரணமானது அல்ல.

திருவிழாவும் தினசரியும்

பறவைகளுக்காக ஒரு திருவிழாவும் இருக்கிறது. 2001இல் ஆரம்பித்த பூநாரைத் திருவிழா, 2020க்குப் பிறகு நின்றுபோய், 2025 ஜனவரியில் மறுபடியும் மூன்று நாட்கள் நடந்தது. சூளூர்பேட்டையில் மேடை, பாட்டு, கண்காட்சி. தடாவுக்கு அருகே பீமுலவாரிபாளையத்தில் படகு சவாரி. நேலப்பட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாக. கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம். பறவைகளைப் பார்க்க மட்டும் அது நல்ல நாள் அல்ல. கூழைக்கடாவைச் சாவகாசமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் திருவிழாவைத் தவிர்த்து, சாதாரண வார நாளில் வருவது உத்தமம்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தோதான காலம். வெயில் ஏறுமுன் நேலப்பட்டு, மாலை வெயில் சாயும்போது ஏரிச் சாலை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். திருப்பதியிலிருந்து காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழி. சித்தூரிலிருந்து வருபவர்கள் திருப்பதி வந்து அதே வழியைப் பிடிக்க வேண்டும். சென்னையிலிருந்து சூளூர்பேட்டைக்குப் புறநகர் மின்சார ரயிலே இருக்கிறது. அங்கே ஆட்டோ பேசிக்கொள்ளலாம். பைனாகுலர், தொப்பி, குடிநீர், மங்கலான நிறத்தில் உடை இருந்தால் போதும். ஏவுதள எல்லைக்குள் அனுமதியின்றிப் போக முடியாது. பூநாரைகளுக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கொண்டுபோக வேண்டாதது சத்தம். கைதட்டி, கல்லெறிந்து பறவைகளை எழுப்பிப் போட்டோ எடுப்பவர்கள் உண்டு. ஒருமுறை எழும்பும் கூட்டம், தின்று சேர்த்த சக்தியில் கொஞ்சத்தை அந்தப் போட்டோவுக்காகச் செலவழிக்கிறது.

மாலை ஐந்தரைக்கு ஏரியின் நிறம் மாறுகிறது. மேற்கே சூரியன் இறங்க, பூநாரைகளின் நிழல் தண்ணீரில் நீண்டு விழுகிறது. சாலைக்குக் கீழே ஒரு மீனவர் வலையை உதறிச் சுருட்டுகிறார். அவருக்கும் பறவைகளுக்கும் நடுவே இருநூறு அடிகூட இருக்காது. இவர் அவற்றைப் பார்ப்பதில்லை. அவை இவரைக் கண்டு நகர்வதில்லை. காரை நிறுத்தி ஒருவர் இறங்கிக் கதவைச் சாத்துகிற சத்தத்துக்குத்தான் கூட்டம் முழுவதும் தலை நிமிர்கிறது.

இருட்டிய பிறகு திருப்பதி பஸ் காளஹஸ்திப் பாலத்தைக் கடக்கிறது. கீழே பொன்முகலியில் நிலவு வெளிச்சத்தில் மணல் வெள்ளையாகத் தெரிகிறது. நடுவில் ஓர் ஓரமாக, வேட்டிக் கரை அகலத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கழுத்தில் பைனாகுலர் மாட்டியவர் மட்டும் ஜன்னல் வழியாக அந்தத் தண்ணீர் போகிற திசையை எட்டிப் பார்க்கிறார். காலையில் இதே பாலத்தைக் கடந்தபோது அவர் ஆற்றைப் பார்க்கவே இல்லை.